நள்ளிரவு 12 மணிக்கு விளையாட்டுக்குப் பூட்டு!

பிள்ளைகளைத் தூங்க வைக்கச் சட்டம் போட்டது தென் கொரியா. 10 ஆண்டுகளில் நடந்தது என்ன?

ஒரு பையன். வயது 15. தென் கொரியா நாட்டைச் சேர்ந்தவன்.

கம்ப்யூட்டரில் போர் விளையாட்டு ஆடுவதில் அவன் கெட்டிக்காரன். பெரியவர்களையும் தோற்கடிப்பான். பணப் பரிசு தரும் போட்டிகளில் கலந்து கொள்வான்.

2012-ம் ஆண்டு அக்டோபர் மாதம். பிரான்சு நாட்டில் உள்ளவர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். அதற்கான தகுதிச் சுற்று இண்டர்நெட் வழியாக நடந்தது. பையன் தன் நாட்டில் உட்கார்ந்தபடியே ஆடிக்கொண்டு இருந்தான்.

ஆட்டம் சூடு பிடித்தது. நேரம் போனதே தெரியவில்லை.

மணி 12 ஆயிற்று. அவ்வளவுதான்! போட்டியின் நடுவில் கடிகாரம் குறுக்கே வந்து விட்டது. பையனின் ஆட்டம் தடைபட்டது.

மின்சாரம் போய்விட்டதா? இல்லை. கம்ப்யூட்டர் பழுதா? அதுவும் இல்லை.

பூட்டியது, நாட்டின் சட்டம்!

இதே பையன், அதே மாதத்தில் தென் கொரியாவின் பெரிய போட்டி ஒன்றில் முதல் பரிசு வாங்கினான். நாடே பாராட்டியது. ஆனால், சட்டத்தின் கண்ணுக்கு அவன் வீரன் அல்ல. தூங்க வேண்டிய சின்னப் பிள்ளை!

கண்ணாடிச் செருப்புக் கதை

அந்தச் சட்டத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர், “சிண்ட்ரெல்லா சட்டம்.”

சிண்ட்ரெல்லா யார்? மேல் நாட்டுக் கதையில் வரும் ஏழைப் பெண். ஒரு தேவதை அவளுக்கு நல்ல உடையும் கண்ணாடிச் செருப்பும் கொடுத்து, அரண்மனை விருந்துக்கு அனுப்புகிறாள். “நள்ளிரவு 12 மணிக்குள் திரும்பி விடு. இல்லாவிட்டால் எல்லாம் மறைந்து விடும்” என்று சொல்லி அனுப்புகிறாள்.

தென் கொரியாவின் சட்டமும் அப்படித்தான். 12 மணி அடித்தால் விளையாட்டு மறைந்து விடும்!

2011-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தென் கொரியப் பாராளுமன்றத்தில் இந்தச் சட்டம் நிறைவேறியது. நவம்பர் 20-ந் தேதி அமுலுக்கு வந்தது.

சட்டம் சொன்னது இதுதான்:

16 வயது நிரம்பாத பிள்ளைகள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை இண்டர்நெட் விளையாட்டு ஆடக்கூடாது. ஆடும் பிள்ளைக்குத் தண்டனை இல்லை. ஆட விடும் கம்பெனிக்குத்தான் தண்டனை. 2 ஆண்டு வரை ஜெயில். அல்லது 1 கோடி வான் வரை அபராதம். வான் என்பது அந்த நாட்டு நாணயம்.

பிள்ளைகளின் தூக்கத்தைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்று அரசாங்கம் சொன்னது.

ஏன் வந்தது?

தென் கொரியாவில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடைகள் உண்டு. “பி.சி. பாங்” என்று பெயர். “பாங்” என்றால் அறை. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் உட்கார்ந்து ஆடலாம். 1998-க்குப் பிறகு இந்தக் கடைகள் நாடு முழுவதும் பெருகின.

கூடவே வேதனைச் செய்திகளும் வந்தன.

2005-ம் ஆண்டு டேகு என்ற நகரத்தில் 28 வயது வாலிபர் ஒருவர், விளையாட்டுக் கடையில் ஏறக்குறைய 50 மணி நேரம் தொடர்ந்து ஆடினார். சரியான தூக்கம் இல்லை, சாப்பாடும் இல்லை. மயங்கி விழுந்தார். உயிர் போய்விட்டது.

2009-ல் நடந்தது இதைவிடக் கொடுமை. சுவோன் நகரம் அருகே ஒரு கணவன், மனைவி. அவர்களுக்கு 3 மாதப் பெண் குழந்தை. அந்தக் குழந்தையை வீட்டில் தனியாக விட்டு விட்டு, இருவரும் விளையாட்டுக் கடைக்குப் போய் விடுவார்கள். குழந்தை பட்டினியால் இறந்தது.

அவர்கள் ஆடிய விளையாட்டு என்ன தெரியுமா? கம்ப்யூட்டரில் ஒரு பொம்மைப் பெண்ணைச் சீராட்டி வளர்க்கும் விளையாட்டு!

2010-ம் ஆண்டு மார்ச் மாதம் இருவரையும் போலீசார் கைது செய்தார்கள். செய்தி உலகம் முழுவதும் பரவியது. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள்.

“இனியும் சும்மா இருக்கக்கூடாது” என்று தென் கொரியத் தாய்மார்கள் பலர் குரல் கொடுத்தார்கள். மறு ஆண்டே சட்டம் வந்தது.

ஆனால், இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 50 மணி நேரம் ஆடியவருக்கு வயது 28. குழந்தையைப் பட்டினி போட்டவர்கள், பெற்றவர்கள். தவறு செய்தவர்கள் பெரியவர்கள். பூட்டு விழுந்ததோ, பிள்ளைகளுக்கு!

அப்பாவின் எண்

பூட்டு எப்படி வேலை செய்தது?

தென் கொரியாவில் ஒவ்வொருவருக்கும் பிறந்ததும் ஒரு எண் கொடுப்பார்கள். 13 இலக்கம் கொண்டது. அதில் பிறந்த தேதியும் அடங்கி இருக்கும். விளையாட்டில் சேருகிறவர் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். எண்ணைப் பார்த்தால் வயது தெரிந்து விடும். 16 நிரம்பாதவர் என்றால் 12 மணிக்குக் கதவு மூடிக்கொள்ளும்.

பூட்டு பலமாகத்தான் இருந்தது. ஆனால், சாவி எங்கே இருந்தது? வீட்டு அலமாரியில்!

அப்பாவின் எண், அம்மாவின் எண், தாத்தாவின் எண் எல்லாம் வீட்டில்தானே இருக்கின்றன? பிள்ளைகள் அந்த எண்களைக் கொடுத்து உள்ளே நுழைந்தார்கள். கம்பெனியின் புத்தகத்தில், 45 வயதுக்காரர் இரவு 2 மணிக்கு ஆடிக்கொண்டு இருப்பார். உண்மையில் அவரோ பக்கத்து அறையில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டு இருப்பார்!

எண்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வைப்பதில் இன்னோர் ஆபத்தும் இருந்தது. சட்டம் அமுலுக்கு வந்த அதே மாதத்தில், “மேப்பிள் ஸ்டோரி” என்ற பிரபல விளையாட்டின் கணக்கேட்டில் திருடர்கள் புகுந்தார்கள். அது சிறுவர்கள் விரும்பி ஆடும் விளையாட்டு. வீடு புகுந்து அல்ல. இண்டர்நெட் வழியாகப் புகுந்தார்கள். 1 கோடியே 32 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின.

வயதைத் தெரிந்து கொள்ள எண் வேண்டும். எண்ணைச் சேர்த்து வைத்தால் திருட்டுப் பயம். சட்டம் போட்டவர்களுக்கு இது பெரிய தலைவலி ஆயிற்று.

பிள்ளை ஏன் விழித்து இருந்தான்?

இன்னொரு கேள்வியும் எழுந்தது. நள்ளிரவில் பிள்ளை ஏன் விழித்துக்கொண்டு இருக்கிறான்?

தென் கொரியாவில் படிப்புக்குப் பெரிய போட்டி. பல்கலைக்கழகத்தில் சேர, நவம்பர் மாதம் ஒரு நாள் பரீட்சை நடக்கும். அன்று பரீட்சை எழுதுகிறவர்கள் தாமதம் இல்லாமல் போய்ச் சேர, அலுவலகங்களைத் தாமதமாகத் திறப்பார்கள். ஆங்கிலத்தைக் காதால் கேட்டு எழுதும் நேரத்தில், சத்தம் கேட்காமல் இருக்க விமானங்கள் கூட ஏறுவதில்லை, இறங்குவதில்லை!

அந்தப் பரீட்சைக்காகப் பிள்ளைகள் சிறு வயதிலேயே ஓடத் தொடங்குகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் டியூஷன். ஒரு டியூஷன் முடிந்ததும் இன்னொரு டியூஷன். “இரவு 10 மணிக்கு மேல் டியூஷன் நடத்தக்கூடாது” என்று தலைநகரமான சியோலில் தனியாக ஒரு விதியே போட வேண்டி இருந்தது!

10 மணிக்கு மேல் வீட்டுக்கு வரும் பிள்ளை, சாப்பிட்டு முடிக்கும்போது 11 மணி. அவனுக்குச் சொந்தமாகக் கிடைப்பது அதற்குப் பிறகு உள்ள நேரம்தான். நண்பர்களும் அப்போதுதான் கிடைப்பார்கள்.

“எங்களுடைய பகல் முழுவதையும் பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரவில் மிஞ்சியதையும் பூட்டலாமா?” என்பதுதான் பிள்ளைகள் பக்கத்து வாதம்.

“பகலில் களைத்து வருகிற பிள்ளைக்குத் தூக்கம்தானே முக்கியம்? இரவு முழுவதும் ஆடிவிட்டு, வகுப்பில் தூங்கி விழலாமா?” என்பது தாய்மார்கள் பக்கத்து வாதம்.

இரண்டிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை ஓயவில்லை.

கோர்ட்டுக்குப் போனார்கள்

வழக்கு, அரசியல் சட்டக் கோர்ட்டுக்குப் போயிற்று. விளையாட்டுக் கம்பெனிகள் ஒரு பக்கம் வழக்குப் போட்டன. பிள்ளைகள், பெற்றோர்கள் சார்பில் இன்னொரு வழக்கு.

“பிள்ளை எப்போது விளையாடலாம் என்பதை அப்பாவும் அம்மாவும் முடிவு செய்ய வேண்டும். அரசாங்கம் ஏன் வீட்டுக்குள் வருகிறது?” என்று அவர்கள் கேட்டார்கள்.

2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தீர்ப்பு வந்தது. 9 நீதிபதிகளில் 7 பேர், சட்டம் செல்லும் என்றார்கள். 2 பேர், செல்லாது என்றார்கள்.

“தடை 16 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும்தான். அதுவும் இரவு 6 மணி நேரம் மட்டும்தான். பிள்ளைகளின் உடல் நலத்துக்காகப் போட்ட இந்தத் தடை, அளவு மீறியது அல்ல” என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டம் பிழைத்தது. ஆனால், காலம் அதைத் தாண்டி ஓடியது.

சட்டம் போட்ட காலத்தில் விளையாட்டு என்றால் கம்ப்யூட்டர். ஆகவே கம்ப்யூட்டருக்குத்தான் பூட்டு. செல்போன் விளையாட்டுகளுக்குப் பூட்டுப் போடவில்லை. சில ஆண்டுகளில் எல்லார் கையிலும் செல்போன் வந்து விட்டது. கம்ப்யூட்டரை 12 மணிக்கு அணைத்த பிள்ளை, போர்வைக்குள் செல்போனைத் திறந்தான்!

சட்டத்தின் பலனை ஆராய்ந்தவர்கள், “பிள்ளைகளின் விளையாட்டும் தூக்கமும் சொல்லும்படியாக மாறவில்லை” என்றே கண்டார்கள்.

ஜனாதிபதி வந்த விளையாட்டு

கடைசியில் இந்தச் சட்டத்துக்கு முடிவு கட்டியது எது? ஒரு கட்டை விளையாட்டு!

“மைன்கிராப்ட்” என்று ஒரு விளையாட்டு உண்டு. சுவீடன் நாட்டில் பிறந்தது. சின்னச் சின்னக் கட்டைகளை அடுக்கி வீடு கட்டலாம், கோட்டை கட்டலாம், ஊரே உண்டாக்கலாம். உலகம் எங்கும் பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு. பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லிக்கொடுக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

2020-ம் ஆண்டு மே 5-ந் தேதி. தென் கொரியாவில் அன்று குழந்தைகள் தினம். வழக்கமாகக் குழந்தைகளை ஜனாதிபதி மாளிகைக்கு அழைத்து விருந்து வைப்பார்கள். அந்த ஆண்டு கொரோனா. யாரையும் அழைக்க முடியவில்லை.

என்ன செய்தார்கள்? மைன்கிராப்டில் கட்டைகளை அடுக்கி, ஜனாதிபதி மாளிகையைக் கட்டினார்கள். ஜனாதிபதி மூன் ஜே இன்னும் அவர் மனைவியும் கட்டைப் பொம்மைகளாக அதில் தோன்றி, குழந்தைகளை வரவேற்றார்கள். குழந்தைகளுக்கு ஒரே குதூகலம்!

மறு ஆண்டு நடந்ததைக் கேளுங்கள்.

மைன்கிராப்டை நடத்தும் மைக்ரோசாப்ட் கம்பெனி, ஆடுகிறவர்களின் கணக்குகளை எல்லாம் ஒரே முறைக்கு மாற்றியது. அந்தக் கம்பெனி, தென் கொரியாவுக்காக மட்டும் நள்ளிரவுப் பூட்டுத் தயாரிக்கவில்லை. அதற்குப் பதிலாக, விளையாட்டுக் கணக்கைப் பெரியவர்களுக்கு மட்டும் கொடுக்கும் வழக்கத்தை முன்பே வைத்து இருந்தது. ஆகவே 2021-ல், 19 வயது ஆனவர்கள்தான் தென் கொரியாவில் மைன்கிராப்ட் ஆடலாம் என்று ஆகிவிட்டது.

இரவில் 6 மணி நேரம் மட்டும் மூடச் சொன்ன சட்டத்தால், பகலிலும் கதவு அடைபட்டது! ஜனாதிபதி வந்து குழந்தைகளை வரவேற்ற விளையாட்டில், குழந்தைகளுக்கு இடம் இல்லை!

ஊர் சிரித்தது. கோபமும் கொண்டது. பெற்றோர்களே, “இந்தச் சட்டம் வேண்டாம்” என்றார்கள்.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி, சட்டத்தை எடுத்து விடுவதாக அரசாங்கம் அறிவித்தது. நவம்பர் மாதம் பாராளுமன்றமும் ஒப்புக்கொண்டது. 2022-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி சிண்ட்ரெல்லா சட்டம் மறைந்தது.

இங்கே திறப்பு, அங்கே அடைப்பு

தென் கொரியா பூட்டைத் திறப்பதாக அறிவித்த ஐந்தாம் நாள், பக்கத்தில் உள்ள சீனா பூட்டை இறுக்கியது.

சீனாவில் 2019 முதலே கட்டுப்பாடு இருந்தது. 18 வயது நிரம்பாதவர்கள் சாதாரண நாட்களில் ஒன்றரை மணி நேரம் ஆடலாம். இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை ஆடக்கூடாது.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி புதிய உத்தரவு வந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள் ஆகிய நாட்களில் மட்டும் ஆடலாம். அதுவும் இரவு 8 மணி முதல் 9 மணி வரைதான். சாதாரண வாரத்தில் மொத்தம் 3 மணி நேரம்!

“டென்சென்ட்” என்ற பெரிய விளையாட்டுக் கம்பெனி, இரவில் நெடுநேரம் ஆடுகிறவர்களின் முகத்தைக் கேமரா வழியாகப் பார்த்துச் சரிபார்க்கும் ஏற்பாட்டையும் செய்தது. எண்ணை இரவல் வாங்கலாம். முகத்தை இரவல் வாங்க முடியுமா?

அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். பாட்டி பெயரில் கணக்கு இருக்கும். முகம் கேட்டால் பாட்டியே வந்து நிற்பார்! பேரன் அழுதால் எந்தப் பாட்டி பொறுப்பார்?

தமிழ்நாட்டில்...

நள்ளிரவுப் பூட்டு தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஆனால், அது வேறு வகை.

பணம் வைத்து ஆடும் இண்டர்நெட் விளையாட்டுகளால் குடும்பங்கள் கடனில் மூழ்கின. தற்கொலைகளும் நடந்தன. அதனால் 2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் தமிழக அரசாங்கம் விதிகள் கொண்டு வந்தது. பண விளையாட்டை 18 வயது நிரம்பாதவர்கள் ஆடக்கூடாது. மற்றவர்களும் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட முடியாது. ஆதார் மூலம் ஆளைச் சரிபார்க்க வேண்டும்.

கம்பெனிகள் சென்னை ஐகோர்ட்டில் வழக்குப் போட்டன. ஜூன் 3-ந் தேதி, விதிகள் செல்லும் என்று ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் டெல்லி பாராளுமன்றம், பணம் கட்டி ஆடும் இண்டர்நெட் விளையாட்டுகளைத் தடுக்கவே சட்டம் நிறைவேற்றியது. நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடி ஏமாந்தவர்களுக்குத் தண்டனை இல்லை. பணம் இல்லாமல் ஆடும் விளையாட்டுகளுக்கு இந்தத் தடை கிடையாது.

சூதாட்டம் வேறு, பிள்ளை விளையாட்டு வேறு. பணம் போகிற வாசலை அரசாங்கம் அடைக்கலாம். பிள்ளையின் தூக்கம் போகிற வாசல், வீட்டுக்குள் அல்லவா இருக்கிறது?

சாவி யார் கையில்?

சட்டத்தை எடுத்து விட்ட தென் கொரியா, பிள்ளைகளைக் கை விட்டு விட்டதா? இல்லை.

அங்கே இன்னொரு முறை 2012 முதலே உண்டு. பிள்ளையோ பெற்றோரோ, “இந்த விளையாட்டை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை நிறுத்தி வையுங்கள்” என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம். கம்பெனி நிறுத்த வேண்டும். பழைய சட்டத்தை எடுத்தபோது இந்த முறையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வித்தியாசம் இதுதான். முன்பு எல்லா வீட்டுக்கும் ஒரே கடிகாரம். பிறகு, வீட்டுக்கு ஒரு கடிகாரம்.

விளையாட்டில் மூழ்கி மீள முடியாத பிள்ளைகளுக்கு, 2014-ல் மூஜு என்ற மலைப் பகுதியில் அரசாங்கமே ஒரு விடுதி திறந்தது. அங்கே போகும் பிள்ளைகள் செல்போனைக் கொடுத்து விட வேண்டும். சில வாரம் அங்கேயே தங்கி, ஓடி ஆடி, பேசிச் சிரித்துப் பழகுகிறார்கள். பேசி வழிகாட்ட ஆட்கள் இருக்கிறார்கள்.

சிண்ட்ரெல்லா சட்டம் மறைந்த அதே 2022 ஜனவரி 1-ந் தேதி, உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் அமுலுக்கு வந்தது. “விளையாட்டு அடிமை நோய்” அதில் சேர்ந்து இருக்கிறது. நிறைய ஆடுகிறவர்கள் எல்லாரும் நோயாளிகள் அல்ல. அறிகுறிகள் மூன்று:

ஆட்டத்தை நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமை.

சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிது என்று ஆகி விடுவது.

கெடுதல் வந்த பிறகும் விடாமல் ஆடுவது.

இவை ஓர் ஆண்டு அளவுக்கு நீடித்து, வாழ்க்கையையே கெடுத்தால் அது நோய். அடித்தால் தீராது. செல்போனைப் பிடுங்கி ஒளித்தாலும் தீராது. டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

தென் கொரியாவின் 10 ஆண்டு அனுபவம் சொல்வது என்ன?

“உன் வயது என்ன?” என்று பூட்டு கேட்டது. பிள்ளை, அப்பாவின் வயதைச் சொல்லி விட்டு உள்ளே போனான்.

“ஏன் அப்பா, இன்னும் தூங்கவில்லை?” என்று கேட்க, பூட்டுக்குத் தெரியாது. அதைப் பக்கத்து அறையில் தூங்கும் அப்பாவும் அம்மாவும்தான் எழுந்து வந்து கேட்க வேண்டும்!